கோட்டருகே மண்டியிட்டவர்

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தை ஏந்தி ஓடும் ‘ரன்னிங் பேக்’ ஆட்டக்காரருக்குத் தேக பலமும் வேகமுமே மூலதனம் என்று எண்ணுவோர், 2007 டிசம்பர் 16 அன்று டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்கு எதிராகப் பிலடெல்பியா ஈகிள்ஸ் 10-6 என்று முந்தியிருக்க, ஆட்டம் முடிய இரண்டு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம் எஞ்சிய சமயத்தில், எல்லைக்கோட்டை நெருங்கிவிட்ட ஈகிள்ஸ் ‘ரன்னிங் பேக்’ பிரையன் வெஸ்ட்புரூக் ஒரு கஜ தூரத்தில் வேண்டுமென்றே மண்டியிட்டதை அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள். கைக்கெட்டிய ஆறு புள்ளிகளை யார்தான் துறப்பார்கள்? காரணம் சூக்ஷ்மமானது: புள்ளி எடுத்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும், மண்டியிட்டாலோ, ‘டைம் அவுட்’ உரிமைகளை எல்லாம் செலவழித்துவிட்ட டல்லாஸுக்குக் கடிகாரம் ஓடித் தீர்வதைப் பார்த்திருப்பதைத் தவிர வேறு கதியில்லை. இந்த யுக்தியைச் சொன்னவர் சகவீரர் ஜான் ரன்யன். எனினும் ஓட்டத்தின் ஆவேசத்தில் அதை மறவாதிருந்ததே, என் அபிப்பிராயத்தில், அரிய காரியம். ஆட்டம் 10-6 என்றே முடிந்தது.