மறக்கத் தெரிந்தவரே ஜெயிப்பார்

ஒரு மட்டியின் இரண்டு ஓடுகளைப் பிரித்துவிட்டால், அவை இரண்டும்தான் மறுபடி ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். அதே அளவில் இன்னொரு மட்டியின் ஓட்டை எடுத்து வைத்துப் பார்த்தால் விளிம்பு சேராது. இந்த ஒரு விஷயத்தை நம்பி ஜப்பானிய அரசவைப் பெண்கள் ஆடிய நினைவாற்றல் விளையாட்டுதான் கை-அவாசே.

ஒரு முழுத் தொகுப்பில் 360 மட்டிகள். ஒரு பாதி ஓடுகளைத் தரையில் கவிழ்த்துப் பரப்பிவிடுவார்கள். மறுபாதியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் வைக்க, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அதன் ஜோடியைத் தேட வேண்டும். ஓட்டின் முதுகில் ஓடும் வரிகளும் நிறமும்தான் துப்பு. உள்பக்கத்திலோ தங்க இலை ஒட்டி, ‘கெஞ்சியின் கதை’ என்ற பழைய ஜப்பானிய நாவலிலிருந்து காட்சிகள் தீட்டியிருக்கும். ஜோடி ஓடுகள் இரண்டிலும் ஒரே வகை ஓவியம். இவ்வளவு செலவழித்து வரைந்தது ஆடும்போது கண்ணில் படவே படாது. எடுத்தது சரிதானா என்று திருப்பிப் பார்க்க மட்டுமே. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த ஊதாரித்தனம் இது.

பிரபுக்கள் வீட்டுக் கல்யாணங்களில் இந்த ஓடுகள் முக்கியமான சீர்வரிசை. அரக்குப் பூசிய எண்கோணப் பெட்டிகள் இரண்டில் அடுக்கி, மணமகளின் ஊர்வலத்தில் முன்னால் எடுத்துப் போவார்கள். ஒரு மட்டிக்கு ஒரே துணை என்பதால் வந்த வழக்கம்.

ஓடுகளை விட்டுச் சீட்டுகளுக்கு வருவோம். போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தார்கள். ஜப்பானியர்கள் அதில் கவிதையை ஏற்றினார்கள். கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்க்கா 13ஆம் நூற்றாண்டில் நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பாடல் எடுத்துத் தொகுத்த ‘ஹ்யாகுனின் இஷ்ஷு’தான் ‘கருத்தா’ என்ற சீட்டாட்டத்தின் மூலதனம். வாசிப்பவர் கையில் இருக்கும் சீட்டில் முழுப் பாடலும் இருக்கும். தரையில் கிடக்கும் சீட்டில் பின்பாதி மட்டும். போட்டி ஆட்டத்துக்கான விதிகளை 1904இல் ஒழுங்குபடுத்தியவர் குரோய்வா ருய்கோ என்ற பத்திரிகையாளர். ‘மான்டி கிறிஸ்டோ’, ‘ஏழை படும் பாடு’ ஆகிய பிரெஞ்சு நாவல்களை ஜப்பானிய வாசகர்களுக்கு ஏற்ப எழுதித் தந்தவரும் இவரே.

நூறில் ஐம்பது சீட்டுகளே தரைக்கு வரும், ஆளுக்கு 25. எது எங்கே என்று மனப்பாடம் செய்ய 15 நிமிடம். பிறகு பாடல் வாசிக்கப்படும். தரையில் இல்லாத ஐம்பதும் கலந்தே வரும் என்பதால் வெறுமனே கை நீட்டினால் அகப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். முதலில் தொட்டவருக்குச் சீட்டு. தன் பக்கத்தை முதலில் காலி செய்தவருக்கு வெற்றி.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் பாடல் முடியும்வரை காத்திருப்பதில்லை. ஏழு பாடல்களுக்கு முதல் எழுத்தே போதும். அந்த எழுத்தில் தொடங்குவது வேறு கிடையாது. ஆனால் ‘அசபொராகே’ என்று தொடங்குபவை இரண்டு. ஆறாவது எழுத்து ‘அ’வா ‘உ’வா என்று கேட்டபிறகுதான் கை பாய முடியும். ஒன்று வாசித்து முடிந்துவிட்டால், மிச்சமிருப்பதற்கு மூன்றெழுத்து போதும். ‘அசஜி’ என்று தொடங்கும் பாடலும் போய்விட்டால் இரண்டே எழுத்து. ஆக, ஒவ்வொரு பாடல் முடிந்ததும் மனக்கணக்கை மாற்றி எழுத வேண்டும். சீட்டுகளும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்: எதிராளியின் பக்கத்தில் எடுத்தால், நம்முடைய ஒன்றை அவருக்குத் தள்ளிவிடலாம்.

ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கும்போது சிக்கல் இன்னும் கூடும். போன ஆட்டத்தில் வலது மூலையில் இருந்த சீட்டு இப்போது இடது பக்கம். பழைய நினைவு கையை இழுத்தால் தோல்வி. அதனால் சற்றுமுன் மனப்பாடம் செய்ததை அடியோடு துடைத்தெறிவதும் இங்கே பயிற்சிதான். நினைவாற்றல் விளையாட்டு என்று விற்கும் பெட்டிகள் எதிலும் இந்த நுட்பத்தை நான் பார்த்ததில்லை. ஒரே மாதிரி இரண்டு படங்களைத் தேடச் சொல்வதோடு அவை நின்றுவிடுகின்றன.

ஆண்களுக்கான ‘மெய்ஜின்’ பட்டமும் பெண்களுக்கான ‘குயின்’ பட்டமும் ஒட்சு நகரில் உள்ள ஓமி ஆலயத்தில் ஜனவரியில் முடிவாகின்றன. தொகுப்பின் முதல் பாடலுக்கு உரியவரான தென்ஜி பேரரசரின் ஆலயம் அது. யூகி சுவெட்சுகுவின் ‘சிஹயஃபுரு’ மாங்கா வந்தபின் பள்ளிப் பிள்ளைகளிடையே இந்த ஆட்டத்துக்குப் புது மவுசு. அதன் அனிமேவைப் பார்க்க வாய்த்தால், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஆட்டம் முழுக்க அந்த முதல் எழுத்தில்தான் இருக்கிறது.