எல்லாப் படத்திலும் ஒரே புள்ளி: தூசு எங்கே இருக்கிறது?

தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த படங்களைக் காட்ட, படிவம் 4 மாணவர் ஒருவர் தம் அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவுடன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. அதற்கு மேலே நீல வானம். வானத்தின் வலது மூலையில் மங்கலான சாம்பல் நிறப் புள்ளி. அடுத்த படத்தில் காவடி. அதே மூலையில் அதே புள்ளி.

"லென்ஸை எத்தனையோ முறை துடைத்துவிட்டேன், டீச்சர். போகவே இல்லை. கேமராவைத் திறந்து உள்ளே துடைக்கப் போகிறேன்," என்றார். கையில் சிறிய திருப்புளி இருந்தது. முதலில் அதை வாங்கி மேசைமேல் வைத்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாணவர்களே, இத்தகைய பழைய சிறு கேமராக்கள் இப்போது மீண்டும் உங்கள் கைகளில் வலம் வருகின்றன. படத்தில் கறை தெரிந்தால், துடைப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கறை நடந்துகொள்ளும் விதமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

முன்னால் இருக்கும் தூசு ஏன் தெரிவதில்லை?

இன்றிரவு வீட்டில் இதைச் செய்து பாருங்கள். குழல் விளக்கு எரியும் அறையில் ஒரு பென்சிலைச் சுவரை ஒட்டிப் பிடியுங்கள். நிழல் தெளிவாக விழும். பென்சிலை மெல்ல விளக்கை நோக்கி நகர்த்துங்கள். நிழல் மங்கி, பிறகு காணாமலே போய்விடும்.

கேமராவிலும் இதேதான் நடக்கிறது. சுவருக்குப் பதில் சென்சார் எனப்படும் ஒளியுணரி; விளக்குக்குப் பதில் லென்ஸ் வழியாக வரும் ஒளி. லென்ஸின் முன்பக்கத்தில் ஒட்டிய தூசு, விளக்கின் அருகே இருக்கும் பென்சிலைப் போன்றது. அது கொஞ்சம் ஒளியைத் தடுக்குமே தவிர, நிழலாகத் தெரியாது. ஒளியுணரியை மூடியிருக்கும் கண்ணாடியில் உட்கார்ந்த தூசுதான் சுவரை ஒட்டிய பென்சில். ஆகவே, அந்த மாணவர் லென்ஸை எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

தூசு உள்ளே போனது எப்படி? கேமராவை முடுக்கியதும் லென்ஸ் குழாய் வெளியே நீள்கிறது. அணைத்ததும் உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் அது சைக்கிள் பம்பைப் போலக் காற்றை இழுத்துத் தள்ளுகிறது. காற்றோடு தூசும் நுழைகிறது. சட்டைப் பையிலோ பள்ளிப் பையிலோ உறையில்லாமல் போட்டுவைத்தால் பஞ்சும் துகளும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் ஒளியுணரியின் அளவு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர்தான். உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 12 மெகாபிக்சல் கேமராவில் இந்த அகலத்துக்குள் 4,000 பிக்சல்கள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.5 மைக்ரோமீட்டர். சுமார் 70 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தலைமுடித் துண்டு ஒன்று அங்கே விழுந்தால், 40-க்கும் மேற்பட்ட பிக்சல்களை மறைத்துவிடும்.

மூன்று சோதனைகள்

ஒன்று: வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே இடத்தை மீண்டும் எடுங்கள். இரண்டு படங்களையும் கேமராவின் திரையிலேயே பாருங்கள். கறை எதிர் மூலைக்கு மாறியிருந்தால் அது சுவரின் கறை. மாறாமல் இருந்தால் கேமராவின் கறை.

இரண்டு: முழுமையாக ஜூம் செய்து எடுங்கள். இடம் மாறாமல் புள்ளி இன்னும் தெளிவானால், தூசு ஒளியுணரியில் இருக்கிறது. பெரும்பாலான சிறு கேமராக்களில் ஜூம் செய்யும்போது ஒளிக்கற்றை குறுகிவிடும். அதனால் நிழல் கூர்மையாகும். குழல் விளக்குக்குப் பதிலாகக் கைப்பேசி விளக்கைப் பயன்படுத்தி அந்தப் பென்சிலைப் பிடித்துப் பார்த்தால் காரணம் புரியும்.

மூன்று: இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் மட்டும் வெண்ணிற வட்டங்கள் தெரிகின்றனவா? படத்துக்குப் படம் இடம் மாறுகின்றனவா? அவை லென்ஸுக்குச் சற்று முன்னால் மிதக்கும் தூசு அல்லது மழைத்துளி. ஃபிளாஷ் ஒளி அவற்றில் பட்டுத் திரும்புகிறது. மிக அருகில் இருப்பதால் குவியாமல் வட்டமாக விரிகிறது. இதைத்தான் சிலர் "ஆவி" என்று பகிர்கிறார்கள்.

துடைப்பதிலும் முறை உண்டு

லென்ஸின் வெளிப்புறத்தைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். தூசில் இருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ் வகை. அது கண்ணாடியைவிடக் கடினமானது, கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் துகள்களை அகற்றுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமாகத் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், அலமாரியில் மூடிவைத்த கேமராவில் அது எளிதாக வளரும். நாளடைவில் கண்ணாடியின் பூச்சையும் அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் இதைத் தடுக்கலாம்.

திருப்புளியை ஏன் வாங்கி வைத்தேன்?

ஃபிளாஷ் உள்ள கேமராவுக்குள் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. அது சுமார் 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் பெறும். நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான். மின்கலத்தைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றம் நெடுநேரம் தங்கியிருக்கலாம். தவறான இடத்தில் விரல் பட்டால் கடுமையாக அடிக்கும். கைப்பிடிக்குள் அடங்கும் கருவிதானே என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே திறப்பது பழுதுபார்ப்பவரின் வேலை.

அந்த மாணவர் கடையில் விசாரித்தார். கேட்ட கூலி, கேமராவின் இன்றைய விலையைவிட அதிகம். அப்பாவின் கேமரா என்பதால் தூக்கிப் போடவும் அவருக்கு மனமில்லை.

வானியலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. தொலைநோக்கியின் கேமராவில் படியும் தூசு, ஒவ்வொரு படத்திலும் வளையம் வளையமாக நிழல் விடும். தமிழ்நாட்டில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களில், அந்தி வானத்தைப் போன்ற சீரான வெளிச்சத்தைத் தனியாகப் படமெடுத்துக்கொள்வார்கள். விண்மீன் படத்தை அந்தப் படத்தால் வகுத்தால் தூசின் நிழல் நீங்கிவிடும். தூசைத் தொடவே தேவையில்லை.

அந்த மாணவரும் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். புள்ளி எந்த இடத்தில் விழுகிறது என்பது இப்போது அவருக்குத் தெரியும். கணினியில் அந்த இடத்தை மட்டும் திருத்துகிறார். படமெடுக்கும்போதே அந்த மூலையில் வெறும் வானம் வராமல், மர இலைகளோ கோபுரச் சிற்பங்களோ வரும்படி பார்த்துக்கொள்கிறார். அங்கே புள்ளி இருப்பதே தெரிவதில்லை.