மேல்தாடையை விரிக்கும் சின்னச் சாவி

வாயை மூடும்போது மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைவிடச் சற்று வெளியே அமர வேண்டும். கடைவாய்ப் பக்கம் இது மாறி, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்தால் அது குறுக்குக் கடி. பல குழந்தைகளிடம் இதற்குக் காரணம் பல் அல்ல, பல்லைத் தாங்கும் மேல்தாடை எலும்பு குறுகலாக இருப்பதுதான். அப்போது பல்லை மட்டும் கிளிப் போட்டு இழுத்துப் பயனில்லை. எலும்பையே அகலப்படுத்த வேண்டும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பிள்ளையை நேராக உட்காரவைத்து மெதுவாக வாயை மூடச் சொன்னால், பற்கள் தொடும் கடைசி நொடியில் மோவாய் ஒரு பக்கம் நகரும். இரண்டு பக்கமும் குறுகிய தாடையில் பற்கள் சரியாக மெல்லும்படி பொருந்துவதில்லை. அதனால் பிள்ளை தன்னை அறியாமல் கீழ்த்தாடையை வசதியான பக்கம் தள்ளிக் கடிக்கப் பழகுகிறது. வளரும் வயதில் ஆண்டுக்கணக்கில் இப்படியே கடித்தால் கீழ்த்தாடையின் வளர்ச்சியே ஒரு பக்கம் சாயக்கூடும்.

தாடை குறுகுவதில் பரம்பரைக்குப் பங்குண்டு. நான்கு வயது தாண்டியும் விட முடியாத விரல் சூப்பும் பழக்கம் இன்னொரு காரணம். விரல் உள்ளே இருக்கும்போது நாக்கு அண்ணத்தைத் தொடாமல் கீழே தங்குகிறது, கன்னத் தசைகளோ வெளியிலிருந்து அழுத்துகின்றன. கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவுவது நம் ஊர் வைத்தியம். சில பிள்ளைகளிடம் பலிக்கும், சிலர் கசப்பையும் சேர்த்தே சூப்பிவிடுவார்கள். மூக்கடைப்பால் வாய்வழியாக மூச்சுவிடும் குழந்தைகளிடமும் இதே குறுகலைப் பார்க்கலாம். தூசி அலர்ஜியோ அடினாய்டோ, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை.

அண்ணம் ஒரே எலும்பு அல்ல. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், தையலே இல்லாத டியூப் துணி அல்ல, இரண்டு துண்டை நடுவில் ஜாயின்ட் போட்ட துணி. அந்த நடு இணைப்பு சிறுவயதில் இளகி இருக்கும். பருவ வயதுக்குப் பின் மெல்ல எலும்பாகிப் பூட்டிக்கொள்ளும். எந்த வயதில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெர்சன், திலாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், 15 வயதிலேயே இணைப்பு மூடத் தொடங்கிய பெண்ணும் உண்டு, 27 வயதிலும் மூடாத பெண்ணும் உண்டு. ஆனாலும் விதிவிலக்கை நம்பிக் காத்திருக்க முடியாது. நிரந்தர முதல் கடைவாய்ப்பற்கள் முளைத்த பிறகு, பருவ வளர்ச்சி முடிவதற்குள் செய்வதே எளிது.

இந்த இணைப்பைத் திருகால் விலக்கலாம் என்று 1860-இல் முதலில் எழுதியவர் சான் பிரான்சிஸ்கோவின் எமர்சன் ஏஞ்சல். அவர் சிகிச்சை செய்தது 14 வயதுச் சிறுமிக்கு. சக மருத்துவர்கள் நம்பவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். எலும்பு விலகியதை அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன் அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் ஆண்ட்ரூ ஹாஸ் பன்றிகளிடம் சோதித்து, பிறகு நோயாளிகளிடம் செய்து, 1961-இல் வெளியிட்ட கட்டுரைதான் இம்முறைக்கு மறுவாழ்வு கொடுத்தது. இன்று அதிகம் பயன்படும் ஹைராக்ஸ் கருவி 1968-இல் பீடர்மன் வடிவமைத்தது.

கருவி எளியது. மேல் கடைவாய்ப் பற்களில் உலோக வளையங்களை ஒட்டி, அவற்றைக் கம்பியால் அண்ணத்தின் நடுவிலுள்ள திருகோடு இணைத்திருப்பார்கள். திருகில் ஒரு சின்னத் துளை. அதில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளினால் கால் சுற்று. அடுத்த துளை முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை முழுதாகத் தள்ள வேண்டும். சாவியை வெளியே எடுக்கும்போது திருகைப் பின்னுக்குச் சுழற்றிவிடக் கூடாது. சாவியில் நீளமாக ஒரு நூல் கட்டிக் கையில் சுற்றிக்கொள்வது கட்டாயம், தவறினால் தொண்டைக்குள் போய்விடும். கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர். காலையும் மாலையும் ஒவ்வொன்று என்றால் இரண்டு வாரத்தில் திருகு 7 மில்லிமீட்டர் விரியும். முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சு குழறும், மூக்குத்தண்டில் ஓர் அழுத்தம் தெரியும். தாங்க முடியாத வலி இருந்தால் திருகுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பெற்றோர் பதறுவது இங்கேதான். உண்மையில் எலும்பு விலகியதற்கு அதுவே அடையாளம். ஈறின் நார்கள் இழுப்பதால் சில மாதங்களில் அந்தச் சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

சிகிச்சை கெட்டுப்போவது பெரும்பாலும் திருகும் நாட்களில் அல்ல, திருகி முடித்த பிறகு. விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்பக் குறைந்தது மூன்று மாதம், பொதுவாக ஆறு மாதம் கருவி வாயிலேயே இருக்க வேண்டும். ஓரளவு பின்வாங்கும் என்று தெரிந்தே மருத்துவர்கள் தேவைக்குச் சற்று அதிகமாக விரித்து நிறுத்துகிறார்கள். திருப்பூர் ராயபுரம் போன்ற பனியன் கம்பெனித் தெருக்களில் இரண்டு கட்டத்திலும் சிக்கல் வரும். அம்மா ஓவர்லாக்கில், அப்பா செக்கிங்கில்; ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். மாலைத் திருகல் விட்டுப்போகும். தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் பொங்கல் கழித்துத் திரும்பினால் மாதாந்திரச் சோதனையும் தவறும். இந்த நிலைமையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் திருகவே தேவையில்லாத, கம்பியின் வில்விசையால் மெதுவாக விரிக்கும் குவாட் ஹீலிக்ஸ் என்ற கருவி உண்டு. லேசான குறுக்குக் கடிக்கு அது போதும். கழற்றி மாட்டும் தட்டு விலை குறைவு. ஆனால் டிபன் பாக்ஸ் மூடியில் மறந்து வைக்கப்படும் தட்டு எந்தத் தாடையையும் விரிக்காது.

அண்ணப் பிளவோடு பிறந்து கைக்குழந்தைப் பருவத்திலேயே அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்குத் தாடை விரிவு இன்னும் முக்கியம். தழும்பு மேல்தாடையைக் குறுக்கிவிடுவதால், ஈறுப் பகுதியின் பிளவில் எலும்பு ஒட்டுவைக்கும் அறுவைக்கு முன், 8 முதல் 11 வயதுக்குள், விரித்து இடம் உண்டாக்குகிறார்கள். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் உதடு, அண்ணப் பிளவு இருக்கிறது; பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் அத்திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் கேட்கலாம்.

தாடை விரிவின் பெயரால் சொல்லப்படுவதெல்லாம் உண்மையல்ல. அண்ணத்தின் மேல்பக்கமே மூக்கின் தரை என்பதால் விரிவுக்குப் பின் மூச்சு இலகுவாவது உண்டு. அதற்காகக் குறட்டைக்கும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கும் இதையே மருந்தாக விற்பதற்குப் போதிய சான்று இல்லை. பல் நெரிசல் மட்டும் இருந்து கடி சரியாக உள்ள பிள்ளைக்கு விரிவு தேவைப்படாமலும் போகலாம்.

பெரியவர்களுக்கு எலும்பில் பதிக்கும் மினி ஸ்க்ரூவோ, அதுவும் போதாதென்றால் அறுவை சிகிச்சையோ வேண்டியிருக்கும். செலவும் அலைச்சலும் பல மடங்கு. ஆகவே பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடாமல், ஏழு வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுங்கள். தனியார் கிளினிக் கட்டுப்படியாகாதவர்களுக்குக் கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா, குமாரபாளையம் ஜே.கே.கே. நடராஜா போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. திருகச் சொன்ன நாட்களைக் காலண்டரில் குறித்து, அந்தக் காலண்டரையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.