அரிக்காத வீக்கம்... அலர்ஜி மாத்திரைக்கும் அடங்கலையா?

காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவின் உதடு பன் மாதிரி வீங்கியிருக்கிறது. அரிப்பு இல்லை, தடிப்பும் இல்லை. விரிஞ்சிபுரம், ஆம்பூர் பக்கம் உடனே என்ன சொல்வாங்க? ``தோல் ஷாப் கெமிக்கல் ஒத்துக்கலை. அலர்ஜி மாத்திரை போட்டா சரியாயிடும்!''

இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கு. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சருமத்தில் அலர்ஜியை உண்டாக்கலாம். ஆனால், அது அரிக்கும், சிவக்கும்.

அரிக்காமல், மாத்திரைக்கும் அடங்காமல், ரெண்டு மூணு நாள் இருந்து தானே வடிந்து, மறுபடியும் வருதா? அது `அக்வயர்டு ஆஞ்சியோஎடிமா'வாக இருக்கலாம். மிக அரிதான நோய். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல்தான் தொடங்கும்.

என்ன நடக்கிறது?

ரத்தத்தில் உள்ள `சி1 இன்ஹிபிட்டர்' என்ற புரதம் பிரேக் மாதிரி. அது குறைந்தால், `பிராடிகைனின்' என்ற பொருள் பெருகி, ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீக்கம் வரும். அலர்ஜி வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின். இங்கே ஆளே வேற! அதனால்தான் அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் பலிப்பதில்லை. குடலில் வீங்கினால் கடும் வயிற்றுவலி, வாந்தி வரும்.

பிரேக் ஏன் பழுதாகிறது?

பரம்பரை வகையில் மரபணுக் கோளாறு. இதில், உடலின் எதிர்ப்பு சக்தியே அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கலாம். லூபஸ் போன்ற ஆட்டோஇம்யூன் நோய்களோடும், லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்களோடும் இதற்குத் தொடர்பு உண்டு. சிலருக்கு வீக்கம் முதலில் வரும். ஒளிந்திருக்கும் நோய் பிறகுதான் தெரியவரும். அதனால, `வடிஞ்சிடுச்சே'ன்னு விட்டுடாதீங்க.

என்ன செய்யலாம்?

* வீங்கியிருக்கும்போதே மொபைலில் போட்டோ எடுங்க. டாக்டரைப் பார்ப்பதற்குள் வடிந்துவிடலாம்.

* பி.பி மாத்திரை அட்டையையும் காட்டுங்க. ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவையும் இதே மாதிரி வீக்கத்தை உண்டாக்கலாம். வேறு மாத்திரைக்கு மாற்றுவதை டாக்டர் அன்றே முடிவு செய்யட்டும்.

* சி4, சி1 இன்ஹிபிட்டர், சி1க்யூ ரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்க. சி1க்யூ குறைந்திருந்தால், பரம்பரை வகை இல்லை என்பதற்கு அது முக்கியத் தடயம். வேலூர் சி.எம்.சி-யில் இம்யூனாலஜி, ருமட்டாலஜிக்கென்றே தனிப்பிரிவு இருக்கு.

உள்ளே இருக்கும் நோய்க்குச் சிகிச்சை எடுத்தால், பலருக்கு வீக்கமும் குறையும்.

குரல் மாறுதா, விழுங்க முடியலையா, மூச்சு திணறுதா? தொண்டை வீங்குகிறது என்று அர்த்தம். மாத்திரை தேடி நேரத்தை வீணாக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்!