ரெய்டு கட்டுப்படுத்தி - வன்தட்டு இணக்கம்

ரெய்டு கட்டுப்படுத்தி - வன்தட்டு இணக்கம் என்பது, ஒரு வழங்கிக் கணினியில் பொருத்தப்படும் வன்தட்டை அதிலுள்ள ரெய்டு கட்டுப்படுத்தி கண்டறிந்து, அணியில் சேர்த்து, நீண்டகாலம் தடையின்றிப் பயன்படுத்த இயலுகிறதா என்பதைக் குறிக்கும். பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு அழியாதவாறு காக்கும் முறையே ரெய்டு ஆகும். 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்கிலி) டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இப்பெயரை அறிமுகப்படுத்தியது. விலை மலிந்த வட்டுகளைக் கொண்டே பெரிய சேமிப்பகம் அமைக்கலாம் என்பது அக்கட்டுரையின் வாதம். இன்று எழும் இணக்கச் சிக்கல்களில் பெரும்பகுதி மலிவான வட்டுகளைச் செருகுவதாலேயே எழுகிறது என்பது ஒரு முரண்.

தேவை: கோடைக்கானல் எடுத்துக்காட்டு

பழனி மலையில் ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. 1909-இல் ஜான் எவர்செட் சூரியப் புள்ளிகளில் வளிம ஓட்டத்தைக் கண்டறிந்த இடம் இதுவே. இப்போது இது பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 1904 முதல் வெள்ளொளியிலும், ஏறத்தாழ அதே காலம் முதல் கால்சியம்-கே ஒளியிலும், 1912 முதல் ஐதரசன்-ஆல்பா ஒளியிலும் சூரியனின் படங்கள் இங்கு ஒளிப்படத் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிவு செய்யப்பட்டன. அவை பின்னர் எண்முறைக்கு மாற்றப்பட்டன. சூரியப் புள்ளிகளின் சுழற்சி சுமார் 11 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு நூற்றாண்டுத் தொடரிலும் ஒன்பது சுழற்சிகளே அடங்குகின்றன. நடுவில் நான்கைந்து ஆண்டுகள் தொலைந்தால் ஒரு சுழற்சியின் உச்சமே காணாமற் போய்விடும். தகடுகளை மீண்டும் வருடலாம் எனினும் அவற்றின் பூச்சு காலத்தால் மங்கிக்கொண்டே வருவது.

இத்தகடுகள் 4096 × 4096 படப்புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட்டுகள் என்ற அளவில் எண்முறையாக்கப்பட்டன. இதன்படி ஒரு படத்தின் அளவு சுமார் 33.5 மெகாபைட்டு. நாளொன்றுக்கு ஒரு படம் என்று கொண்டால் நூறு ஆண்டுகளுக்கு 36,500 படங்கள், அதாவது சுமார் 1.2 டெராபைட்டு. மேகம் மூடிய நாட்களைக் கழிக்கவேண்டும், ஒரே நாளில் எடுத்த பல படங்களைக் கூட்டவேண்டும் என்றாலும், மூன்று வகைப் படங்களுக்கும் சேர்த்து நான்கு டெராபைட்டை நெருங்கும். திருத்தப்பட்ட படிகளையும் வைத்தால் இது இருமடங்காகும். இவ்வளவு தரவு ஒற்றை வட்டை நம்பி இருக்கக்கூடாது. இக்கணக்கு சேமிப்பின் அளவை உணர்த்துவதற்கே தரப்படுகிறது. ஆய்வகம் பயன்படுத்தும் வழங்கிகளைப் பற்றியதன்று.

வட்டு தென்படவே இல்லை எனில்

முதலில் இடைமுகத்தைப் பார்க்கவேண்டும். சாஸ் கட்டுப்படுத்தி, பொதுவாக, சாட்டா வட்டையும் ஏற்கும். சாட்டா கட்டுப்படுத்தி சாஸ் வட்டை ஏற்காது. சாட்டா வட்டின் இணைப்பியில் உள்ள இடைவெளி சாஸ் வட்டில் நிரப்பப்பட்டிருப்பதால் சாட்டா வடத்தில் அது நுழையவே நுழையாது. ஆனால் வழங்கியின் பின்தட்டில் சாஸ் செருகிடம் இருந்து, அதன் பின்னே சாட்டா கட்டுப்படுத்தி மட்டும் இணைக்கப்பட்டிருந்தால், வட்டு அழகாகப் பொருந்தும், திரையில் மட்டும் வராது.

வட்டு சுழலவே இல்லையெனில் மற்றொரு காரணம் உண்டு. சாட்டா 3.3 வரையறை, மின் இணைப்பியின் மூன்றாம் முனையை, வட்டின் மின்சாரத்தைத் தொலைவிலிருந்து நிறுத்தும் பணிக்கு ஒதுக்கியது. பழைய மின்வழங்கிகள் அம்முனையில் 3.3 வோல்ட்டு தருகின்றன. புதிய வட்டு அதை நிறுத்தாணையாகக் கொண்டு உறங்கியே கிடக்கும். வட்டு பழுது என்று திருப்பி அனுப்புமுன் வேறொரு கணினியில் பொருத்திப் பார்ப்பது நல்லது.

கொள்ளளவும் செக்டர் அளவும்

பழைய கட்டுப்படுத்திகள் செக்டர் எண்ணை 32 பிட்டுகளில் குறித்தன. செக்டர் 512 பைட்டு என்றால் 4,294,967,296 × 512 = 2,199,023,255,552 பைட்டு, அதாவது சுமார் 2.2 டெராபைட்டே எல்லை. எல்எஸ்ஐ நிறுவனத்தின் 1068இ சில்லைக் கொண்ட அட்டைகள் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. 4 டெராபைட்டு வட்டை அவற்றில் செருகினால் இரண்டு டெராபைட்டு அளவே தெரியும், அல்லது வட்டு மறுக்கப்படும். இது வன்பொருளின் வரம்பு. அமைப்புகளை மாற்றித் தீர்க்க இயலாது, அட்டையையே மாற்றவேண்டும்.

பெரிய சேமிப்பகங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய சாஸ் வட்டுகளில் செக்டர் 520 பைட்டாக இருப்பதுண்டு. சாதாரண ரெய்டு அட்டை இவற்றைக் கண்டறிந்தும் அணியில் சேர்க்க மறுக்கும். எஸ்ஜி-ஃபார்மேட் என்னும் லினக்சு கருவியால் 512 பைட்டாக மறுவடிவமைக்கலாம். அதற்குப் பல மணிநேரம் ஆகும், வட்டிலுள்ள தரவும் முற்றாக அழியும். 4096 பைட்டு செக்டர் மட்டுமே கொண்ட வட்டுகளும் பழைய அட்டைகளுக்கு ஆகா. உள்ளே 4096, வெளியே 512 என்று காட்டும் வகை வட்டுகள் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்குகின்றன.

மாற்று வட்டு, பழுதான வட்டைவிட ஒரு செக்டர் குறைந்தாலும் பழைய அணிகளில் சேராமல் போகலாம். உறையில் ஒரே கொள்ளளவு அச்சிடப்பட்டிருப்பது இதற்குப் போதாது. வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதை ஏறி வந்துசேரும் வட்டு ஒரு செக்டர் குறைவாக இருந்தால் ஒரு நாள் வீணாகும். எனவே செக்டர் எண்ணிக்கையை முன்னரே கேட்டுப் பெறுவது நன்று.

நிலைப்பொருள்

சில தயாரிப்பாளர்கள் தம் முத்திரை பெற்ற வட்டுகளையே ஏற்குமாறு நிலைப்பொருளை எழுதுவதுண்டு. 2010-இல் டெல் நிறுவனத்தின் பெர்க் எச்700, எச்800 கட்டுப்படுத்திகள் சான்று பெறாத வட்டுகளை மறுத்தன. பயனர்களின் எதிர்ப்புக்குப் பின்னர் அந்நிறுவனம் அதே ஆண்டில் இத்தடையை விலக்குவதாக அறிவித்தது. வேறு சில வழங்கிகளில் வட்டு இயங்கும், ஆனால் அதன் வெப்பநிலையைப் படிக்க இயலாமல் விசிறிகள் முழுவேகத்தில் ஓடும்.

வட்டின் சொந்த நிலைப்பொருளும் காரணமாகலாம். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம், தன் சாஸ் திண்மநிலை வட்டுகள் சில 32,768 மணிநேரம் இயங்கியதும் செயலிழக்கும் என்று அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. இது 3 ஆண்டு 270 நாள் 8 மணிநேரம். ஒரே நாளில் இயக்கப்பட்ட அணியின் எல்லா வட்டுகளும் ஏறத்தாழ ஒரே மணியில் வீழும் என்பதால் இங்கு ரெய்டு எவ்வகையிலும் உதவாது.

இயங்கிப் பின் விலகும் வட்டுகள்

கண்டறியக் கடினமானது இவ்வகையே. வட்டு சில வாரம் நன்றாக இயங்கும். ஒருநாள் அணியிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். கழற்றிச் சோதித்தால் குறையேதும் இராது.

காரணம் பெரும்பாலும் பிழைமீட்பு நேரமே. மேசைக்கணினி வட்டு படிக்கவியலாத செக்டரைப் பலமுறை முயன்று பார்க்கும். இது ஒரு நிமிடத்தையும் தாண்டலாம். ஒரே வட்டுள்ள கணினியில் இது நன்மை. ரெய்டு கட்டுப்படுத்தியோ சில நொடிகளில் பதில் வராவிடில் வட்டு இறந்தது என்று முடிவுகட்டி விடும். வழங்கிகளுக்கான வட்டுகள் வழக்கமாக 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைத் தெரிவிக்கும். மற்ற வட்டுகளிலிருந்து கட்டுப்படுத்தி அத்தரவைக் கணித்துக்கொள்ளும். சில மேசைக்கணினி வட்டுகளில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளால் இந்நேரத்தை அமைக்கலாம். ஆனால் மின்சாரம் நின்றால் பல வட்டுகள் இவ்வமைப்பை மறந்துவிடும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்தடை ஏற்படும் மலையூர்களில் இதை ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாக அமையுமாறு எழுதி வைக்கவேண்டும்.

இரண்டாவது காரணம் மேற்படிந்த தடப்பதிவு. இவ்வகை வட்டுகளில் தடங்கள் ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இடைவிடாது எழுதும்போது வேகம் வீழ்கிறது. அணியின் மறுகட்டமைப்பு அத்தகைய பணிதான். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், தன் சிவப்பு வரிசையின் 2 முதல் 6 டெராபைட்டு வட்டுகள் சிலவற்றில் இம்முறை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதற்குமுன் விவரக்குறிப்பில் இது குறிப்பிடப்படவில்லை.

உயரத்தைப் பற்றியும் ஐயம் எழுவதுண்டு. படிக்கும் முனை காற்றுப்படலத்தின்மேல் மிதப்பதால் காற்றடைத்த வட்டுகளுக்கு வழக்கமான உயர எல்லை சுமார் 3,000 மீட்டர். கோடைக்கானல் அதற்குள் அடங்கும். ஈலியம் அடைத்த வட்டுகள் முற்றாக மூடப்பட்டவை. இவ்வுயரத்தில் காற்றடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் விசிறியின் குளிர்விப்பும் குறையும். ஆயினும் மலையின் குளிர் இதை ஈடுசெய்கிறது. குளிர்ந்த வட்டை வெதுவெதுப்பான, ஈரம் மிகுந்த அறைக்குள் கொண்டுவந்தவுடன் இயக்குவதே தவிர்க்கவேண்டியது.

சோதிக்கும் முறை

எதையும் கழற்றுமுன் ஒவ்வொரு வட்டின் செருகிடத்தையும் தொடரெண்ணையும் எழுதிக்கொள்ளவேண்டும். ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பையும், ரெய்டு 6 இரண்டின் இழப்பையும் மட்டுமே தாங்கும். பழுதான வட்டென்று நல்ல வட்டை உருவியதால் அழிந்த அணிகள் பல. ஐயத்துக்குரிய வட்டை வேறு செருகிடத்தில் வைத்துப் பார்க்கலாம். பிழை செருகிடத்தோடு நின்றால் குறை பின்தட்டிலோ வடத்திலோ உள்ளது. வட்டோடு நகர்ந்தால் வட்டில் உள்ளது.

வேறு அணியிலிருந்து வந்த வட்டையும், விலகித் திரும்பிய வட்டையும் கட்டுப்படுத்தி 'அயல் அமைப்பு' என்று காட்டும். அப்போது இறக்குமதி, அழிப்பு என்ற இரு தெரிவுகள் வரும். பழைய தரவு கொண்ட வட்டை, முன்னரே விலகிய நாளைக் குறிப்பேட்டில் பாராமல் இறக்குமதி செய்தால் புதிய தரவின் நடுவே பழையது கலக்க நேரிடும். தொடக்கநிலையாக்கு என்ற தெரிவை மீட்புப் பணியின்போது தொடவே கூடாது.

கட்டுப்படுத்தியே பழுதானால், அணியின் விவரங்களை அது வட்டுகளில் எழுதிவைத்துள்ள வடிவத்தைப் படிக்கவல்ல அதே குடும்பத்து அட்டை ஒன்று தேவை. லினக்சின் எம்டி மென்பொருள் ரெய்டில் இத்தேவை இல்லை. வட்டுகளை எந்த லினக்சு கணினியில் இணைத்தாலும் அணியைத் திரட்டிவிடலாம். உதிரி அட்டை எளிதில் கிட்டாத ஊர்களில் இதுவே ஏற்றது எனலாம்.