புகை மட்டும் இறைச்சியைக் காப்பாற்றாது

பிரிட்டனில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் பழைய மர அலமாரி புகைக்கூண்டாகிவிடும். அடியில் ஒரு கம்பிவலைத் தட்டு. அதில் கோலம்போல வளைந்து செல்லும் பாத்தி நிறைய மரத்தூள். ஒரு முனையில் நெருப்பு வைத்தால் ஊதுவத்தியைப் போல எட்டு, பத்து மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். மேலே கொக்கியில் தொங்கும் பன்றி இறைச்சி வேகாது, புகை மட்டும் ஏறும். கூண்டுக்குள் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாததால் இதற்குக் குளிர்புகை என்று பெயர். நார்தம்பர்லாந்துக் கடற்கரையிலுள்ள க்ராஸ்டர் கிராமத்தில் ஹெர்ரிங் மீனை ஓக் புகையில் கிப்பராக்குவதும் இதே முறையில்தான்.

கூண்டு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இறைச்சியைக் கெடாமல் வைத்திருப்பது எது என்று புரிந்துகொள்ளத்தான் பலர் நேரம் செலவிடுவதில்லை. புகை மேல்தோலில் படிகிறது, மணம் தருகிறது, மேற்பரப்பில் கிருமிகளை ஓரளவு தடுக்கிறது. உள்ளே அது எட்டுவதே இல்லை. உள்ளே வேலை செய்பவை உப்பும், ஈரம் வற்றுவதும், குளிரும். நம் ஊர் உப்புக்கண்டத்தைக் காப்பதும் உப்பும் வெயிலும்தானே!

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். குளிர்புகைக் கூண்டு பெரும்பாலும் இந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. உப்பு குறைந்த, காற்றுப் புகாத இறைச்சித் துண்டின் நடுப்பகுதி க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு நல்ல இருப்பிடம். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கும். பெரும்பாலும் நாற்றமோ நிறமாற்றமோ காட்டாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் புகையூட்டிய தொத்திறைச்சி தின்றவர்கள் இறந்துபோனதை யூஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820-களில் விரிவாகப் பதிவு செய்தார். பாட்டுலிசம் என்ற பெயரே தொத்திறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 1963-இல் அமெரிக்காவின் பேரேரிகளில் பிடித்துப் புகையூட்டிய மீன், பிளாஸ்டிக் உறையில் அடைக்கப்பட்டுத் தெற்கு மாநிலங்களுக்குப் போனது. அதைச் சாப்பிட்ட சிலர் இதே நஞ்சால் உயிரிழந்தனர். மீனில் காணப்படும் பாட்டுலினத்தின் E வகைக் கிருமி 3 டிகிரி குளிரிலும் வளரக்கூடியது. காற்றை உறிஞ்சி உறை போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, கூண்டைப் பற்றவைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ இறைச்சிக்கு 25 முதல் 30 கிராம் உப்பு. கைப்பிடிக் கணக்கு உதவாது, தராசு வேண்டும். பதப்படுத்தும் உப்பில் சோடியம் நைட்ரைட் கலந்திருக்கும். அமெரிக்காவில் விற்கும் முதல் வகைக் கலவையில் அது 6.25 சதவீதம். பாட்டுலினத்தைத் தடுப்பது இதுதான், ஆனால் அளவு மிஞ்சினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உதடு நீலம் பாரிக்கும். சமையல் உப்போடு யாரும் மாற்றிவிடக் கூடாது என்றுதான் அதற்கு இளஞ்சிவப்பு நிறம் ஏற்றுகிறார்கள். அந்த டப்பா சமையல் அலமாரியில், குழந்தைகளின் கை எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

கூண்டுக்கு எடுக்கும் பொருளிலும் நஞ்சு இருக்கலாம். பழைய ஃப்ரிட்ஜ் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் முலாம் உண்டு. துத்தநாகம் பூசிய தகரத்தில் தணல் வைப்பதும் ஆபத்து. தச்சுப்பட்டறையில் அள்ளிய தூளில் ஆர்செனிக் ஏற்றிய பழைய மரமோ, ப்ளைவுட் பசையோ கலந்திருக்கலாம். எந்த மரம் என்று உறுதியாகத் தெரிந்த ஓக், பீச், ஆப்பிள் தூள் மட்டும் போதும். கராஜுக்குள் புகை போட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். கூண்டு திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும்.

புகை வேலியைத் தாண்டும்போது சட்டமும் வருகிறது. இங்கிலாந்தில் அண்டை வீட்டுப் புகை தொடர்ந்து தொல்லை தந்தால் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளூர் கவுன்சிலில் முறையிடலாம். தொல்லை உண்மை என்று கண்டால் அதை நிறுத்தச் சொல்லி கவுன்சில் நோட்டீஸ் தர வேண்டும். கவுன்சில் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்குப் போக முடியும்.

வீட்டில் புகையூட்டியதை நண்பர்களுக்குத் தொடர்ந்து விற்கத் தொடங்கினால் அது உணவுத் தொழில். தொடங்குவதற்கு 28 நாள் முன்பே கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. வாங்குகிறவர் அந்தப் பதிவைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் லிஸ்டீரியா கிருமிக்கு எளிதில் ஆளாவார்கள் என்பதால், குளிர்புகையூட்டிய மீனைச் சமைக்காமல் உண்ணாதிருப்பது நல்லது.

சாப்பிட்ட சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகிய பாட்டுலிச அறிகுறிகளில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லை என்பதால் பலர் இதைச் சோர்வு என்று விட்டுவிடுகிறார்கள். முறிமருந்து புதிதாகப் பரவும் நஞ்சைத்தான் தடுக்கும், ஏற்கெனவே முடங்கிய நரம்பை உடனே மீட்காது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிரிட்டனில் 999-ஐ அழைத்து, என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். மிச்சத் துண்டைக் குப்பையில் போடாமல் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துக் கவுன்சிலின் சுகாதார அதிகாரியிடம் கொடுத்தால், அதே கூண்டிலிருந்து வாங்கிய மற்றவர்களையும் அவர்கள் தேடிப்போய் எச்சரிக்க முடியும்.