பனி ஊர்தியை ஏற்றும் டிரெய்லர்: தளமும் சாய்வுப் பலகையும்

கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும் குளிர்காலத்தில் பெரிதும் பயன்படுவது ‘ஸ்நோமொபைல்’ எனப்படும் பனி ஊர்தியாகும். கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்னும் ஊரில் ஜோசஃப் அர்மான் பாம்பார்டியர் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்கீ-டூ’ என்ற சிறு ஊர்தி இதனைப் பலரும் அறியச் செய்தது. நம் நாட்டில் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் இதனைக் காணலாம். ஊர்தியின் முன்புறத்தில் இரு சறுக்குக் கட்டைகள் உள்ளன. பின்புறத்தில் இயந்திரத்தால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று உண்டு. பனியற்ற சாலையில் ஓடுவதற்கு இது ஏற்றதன்று. ஆகவே, மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டிய டிரெய்லரில் ஏற்றியே இதனைப் பனிப்பாதைவரை கொண்டு செல்கின்றனர்.

ஏற்றும்போதுதான் ஆபத்து. சறுக்குக் கட்டை வழுக்கிச் செல்லவேண்டும், பட்டையோ பற்றிக்கொள்ளவேண்டும். ஒரே தளம் இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றவேண்டியிருக்கிறது. வெறும் ஒட்டுப்பலகை இரண்டையும் செய்வதில்லை. உலர்ந்த பலகையில், கட்டையின் அடியிலுள்ள கடின உலோக விளிம்பு பதிந்துகொள்ளும். ஊர்தி திரும்ப மறுக்கும். பலகையில் பனி உறைந்திருந்தால் பட்டை இருந்த இடத்திலேயே சுழலும். ஓட்டுபவர் மேலும் விசை கொடுப்பார். பட்டை திடீரென உலர்ந்த இடத்தைப் பற்றியதும் ஊர்தி முன்னே பாயும். பிரேக்கும் பட்டையை மட்டுமே நிறுத்துவதாகையால், வழுக்கும் தளத்தில் அது அதிகம் உதவாது.

இதற்குப் பரிகாரம் எளிது. தளத்திலும் சாய்வுப் பலகையிலும், சறுக்குக் கட்டைகள் செல்லும் இரு தடங்களில் கெட்டியான பாலித்தீன் பட்டிகளைப் பதிக்கவேண்டும். நடுவே, பட்டை செல்லும் தடத்தில், சொரசொரப்பான ரப்பர் விரிப்பையோ குறுக்குச் சட்டங்களையோ பொருத்தவேண்டும். தடங்களின் இடைவெளியை ஊர்தியிலேயே அளந்து குறிப்பது நலம். திருகாணித் தலைகள் பட்டியின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருத்தல் அவசியம். இன்றேல் உலோக விளிம்பு அவற்றில் மாட்டிக்கொள்ளும்.

தளத்துக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் கனமுள்ள, நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை ஏற்றது. மேலேட்டின் இழைகள் தாங்கு சட்டங்களுக்குக் குறுக்காக ஓடும்படி அதனைப் பதித்தால் வலிமை மிகும். செம்பு உப்பூட்டிப் பதப்படுத்திய மரம் அழுகாது என்பது உண்மையே. ஆயினும் ஈரத்தில் அது அலுமினியச் சட்டத்தை அரிக்கும். சாலையில் தூவப்படும் உப்பும் இவ்வரிப்பைத் துரிதப்படுத்தும்.

சாய்வுப் பலகையின் நீளத்தைக் கணக்கிடுவது வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சியாகும். தளம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம், ஊர்தியின் எடை 240 கிலோகிராம் எனக் கொள்வோம். பலகை 1 மீட்டராயின், உராய்வு நீங்கலாக 120 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். 2 மீட்டராயின் 60 போதும். குட்டைப் பலகையில் வேறொரு தொல்லையும் உண்டு: ஊர்தியின் அடிப்பாகம் மேல்விளிம்பில் தட்டும்.

பின்புறமாக ஏற்றும்போது, ஊர்தி அச்சைக் கடக்கும்வரை அதன் எடை டிரெய்லரின் பின்முனையை அழுத்தி, முன்முனையைத் தூக்கும். எனவே, டிரெய்லரை மோட்டார் வண்டியுடன் பூட்டி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த பின்னரே ஏற்றவேண்டும். ஏற்றி முடிந்தபின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின்மேல் விழும்படி ஊர்தியை நிறுத்தி, முன்னும் பின்னும் கட்டவேண்டும். கொக்கியில் எடை குறைந்தால், வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.